வானம் பார்த்த பூமியில் ஒரு தொலைநோக்கி

சிவகங்கைச் சீமையில் நிலம் வாங்க வருபவர் முதலில் கேட்பது, அது கண்மாய்ப் பாசனமா, வானம் பார்த்த பூமியா என்பதே. மழையன்றி வேறு நீர்வழி இல்லாத நிலத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. நிலம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அதை உழுதவனும் மேகம் வருமா என்று வானத்தையே பார்க்கிறான். அதே வானத்தை, மேகம் விலகாதா என்று பார்க்கிற ஒருவன் அவர்கள் நடுவே வாழ்வானாயின், அவன் செயல் முறையானதா? இக்கேள்வியை நான் நூல்களிலிருந்து எடுக்கவில்லை. கண்டனூரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் என் நடத்தையே இதை என் முன் வைத்தது.

கண்டனூரை ஒட்டிய சிற்றூர்களில் பணியாற்றிய நாள்களில் என்னிடம் ஒரு சிறு தொலைநோக்கி இருந்தது; இன்றும் இருக்கிறது. குழாயின் முன்முனையில் 60 மில்லிமீட்டர் அகலமுள்ள வில்லை; அதன் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். கண்ணருகே 25 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் 28 மடங்கும், 10 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் 70 மடங்கும் உருப்பெருக்கிக் காட்டும். ஆனால் பெருக்கிக் காட்டுவதைவிட ஒளியைத் திரட்டுவதே அதன் மெய்யான பணி. வயதேறிய கண்ணின் மணி இருட்டில் 6 மில்லிமீட்டர் விரியும் என்று கொண்டால், இந்த வில்லை அதைப் போல 100 மடங்கு ஒளியை வாங்கித் தருகிறது. வியாழனின் நான்கு நிலவுகளும் நிலவின் பள்ளங்களும் சனிக்கோளின் வளையமும் இதில் தெரியும். இவற்றைவிடப் பன்மடங்கு தெளிவான படங்களைக் கைப்பேசியிலேயே காணலாமே என்று இளைஞர்கள் என்னிடம் சொல்வதுண்டு. உண்மைதான். ஆயினும் படத்தில் இருப்பது சனியின் உருவம். வில்லையில் வந்து விழுவதோ ஒரு மணி நேரத்திற்கு மேல் பயணம் செய்து வந்த சனியின் ஒளி. இந்த வேறுபாட்டை நான் யாருக்கும் விளக்கி வென்றதில்லை.

செட்டிநாட்டு வானம் இதற்கு ஏற்றது. தொழில் நிமித்தம் நகரத்தார் குடும்பங்கள் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்துவிட்டதால், தெருவை அடைத்து நிற்கும் பெரிய வீடுகள் பல ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. முகப்பிலும் வளவிலும் விளக்கில்லை. ஊரின் இழப்பு விண்மீன் பார்ப்பவனுக்கு வரவாகிறது. அப்படி ஒரு வீட்டின் உரிமையாளர் தம் மாடியைப் பயன்படுத்த எனக்கு இசைவு தந்திருந்தார். அந்த இருட்டைக் கண்டு மகிழ்ந்த நாளிலேயே எனக்குச் சற்று உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை.

2016ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. இப்பகுதியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது வழக்கம். விதைத்தவர்கள் காத்திருந்தார்கள், ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் பிறந்தது. கண்மாயின் நடுவே ஆடுகள் மேய்ந்தன. எனக்கோ, இரவுக்கு இரவு துடைத்து வைத்தாற்போன்ற வானம். மற்ற ஆண்டுகளில் அம்மாதங்களில் தொலைநோக்கியைப் பெட்டியிலிருந்து எடுப்பதே அரிது. அவ்வாண்டில் நான் எடுக்காத இரவு அரிது.

ஒரு ஞாயிறு காலைத் திருப்பலியில் மழைக்காக மக்களோடு சேர்ந்து மன்றாடினேன். அன்று இரவு மாடியேறியபோது கிழக்கே கடற்பக்கமாக ஒரு மேகத்திரள் கறுத்து எழுந்தது. ‘இன்றைக்கு மட்டும் வேண்டாம்’ என்றது என் மனம். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆயினும் சொல்லிவிட்டேன். காலையில் மக்கள் பெயரால் கேட்டதை இரவில் என் பெயரால் திருப்பிக் கேட்டிருந்தேன். மேகம் கலைந்து போயிற்று. அது என் விருப்பத்தினால் கலையவில்லை என்று அறியாத அளவுக்கு நான் பேதையல்லன். அந்த அறிவு அன்றிரவு எனக்கு ஆறுதல் தரவில்லை.

குருமடத்தில் படித்தவை அப்போது நினைவுக்கு வந்தன. புனித அகுஸ்தீனார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில், கண்ணின் இச்சையைப் பற்றி நெடுக ஆராய்கிறார். பயன் கருதாமல் அறிவதற்காகவே அறிய விழையும் ஆவலை அவர் ஒரு நோயாகவே காண்கிறார். விண்மீன்களின் போக்கை அறிவதில் தமக்கு நாட்டமில்லை என்றும் சொல்லிவிடுகிறார். புனித தோமா அக்குவினார் இன்னும் நிதானமாகப் பேசுகிறார். அறிவார்வம் ஒரு நற்பண்பு. வீண் ஆவல் அதன் திரிபு. ஒருவன் தனக்குக் கட்டாயமான கடமையை விட்டுப் பயன் குறைந்த ஒன்றில் ஈடுபடுவது அத்திரிபின் ஒரு வகை என்று கூறி, நற்செய்தியை விட்டு நாடகங்களைப் படித்த குருக்களைப் புனித எரோணிமுஸ் கடிந்துகொண்டதை எடுத்துக்காட்டுகிறார். அந்த எடுத்துக்காட்டு குருக்களைப் பற்றியதாக அமைந்ததை நான் கவனிக்காமல் விடவில்லை.

ஆனால் இருவருமே என் குற்றத்தைச் சரியாகத் தொடவில்லை என்று துணிந்து சொல்வேன். நான் எந்தக் கடமையையும் விட்டுவிட்டு மாடியேறவில்லை. நோயாளியைச் சந்தித்தபின், செபமாலை முடிந்தபின் ஏறினேன். விண்மீனைக் கண்டு மகிழ்ந்தது குற்றமாயின், எட்டாம் திருப்பாடலை இயற்றியவரும் குற்றவாளியே. கண்டு மகிழ்தல் ஒன்று. அக்காட்சி எனக்காக நிலைத்து நிற்க வேண்டும், அதன் விலையைப் பிறர் கொடுத்தாலும் நிற்க வேண்டும் என விழைதல் வேறொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதலாவது எப்போது இரண்டாவதாக மாறிற்று என்று எனக்கே தெரியவில்லை. தொலைநோக்கியை யாருக்கேனும் கொடுத்துவிடலாம் என்றும் எண்ணினேன். அது நெஞ்சின் குற்றத்தை வில்லையின் மேல் ஏற்றுவதாகவே முடிந்திருக்கும்.

இதே தமிழ் மண்ணில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு குருவின் கையில் தொலைநோக்கி இருந்தது. சேசு சபையைச் சேர்ந்த தந்தை ழான் ரிஷோ, 1687இல் சீயம் நாட்டிற்குப் புறப்பட்ட பிரெஞ்சுக் குருக்களுள் ஒருவர். 1688இல் அங்கே ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர் விரட்டப்படவே, அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். சீயத்தில் எஞ்சியிருந்த மறைப்பணியாளர் பலர் சிறையில் வாடிய காலம் அது. 1689 டிசம்பரில் ஒரு வால்மீன் தோன்றியது. 12 அடி நீளமுள்ள தொலைநோக்கியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன் அருகே தெற்கு வானில் ஒளிர்ந்த ஆல்பா சென்டாரி என்ற விண்மீன், ஒன்றல்ல இரண்டு என்று கண்டார். நீளம் 12 அடி என்றாலும் அது பெரிய கருவியன்று. அக்காலத்தில் ஒற்றை வில்லையின் நிறப்பிழையைக் குறைக்கக் குழாயை நீட்டுவதே வழியாக இருந்தது.

அவர் தேடியது வால்மீனை. கிடைத்தது இரட்டை விண்மீன். அது அவருக்கும் சிறையிலிருந்த தோழர்களுக்கும் எவ்வகையிலும் பயன்படவில்லை. நம் கதிரவனுக்கு மிக நெருங்கிய விண்மீன்களுள் அது ஒன்று என்பதே, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஹென்டர்சன் எடுத்த அளவுகளை 1839இல் வெளியிட்டபோதுதான் தெரியவந்தது. அவ்விரு விண்மீன்களும் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஜூன் மாத முன்னிரவில் கண்டனூரில் நின்று தெற்கே பார்த்தால், தொடுவானிலிருந்து 19 பாகை உயரத்தில், பனைமரத் தலைகளுக்குச் சற்று மேலே அவற்றைக் காணலாம். என் சிறு வில்லையும் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், தோழர்கள் சிறையிலிருக்க ரிஷோ அடிகளார் எப்படி வானத்தைப் பார்த்தார் என்று எண்ணுவேன். அவர் மகிழ்ந்தாரா? மகிழாமல் ஒரு மனிதன் பன்னிரண்டு அடிக் குழாயை இருட்டில் தூக்கி நிறுத்தியிருப்பானா?

அவ்வாண்டு கார்த்திகைக் கடைசியில் ஓர் இரவு, எழுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் என்னைத் தேடி அந்த மாடிக்கே வந்துவிட்டார். கண்மாய்க் கரையில் மழைக்காக ஒரு பூசை வைக்க வேண்டும் என்று கேட்க வந்தவர். நான் குழாயில் கண்ணை வைத்திருப்பதைப் பார்த்து, “அதுல மேகம் எதுவும் தெரியுதா சாமி?” என்று கேட்டார். கேலியில்லை. தொலைவிலுள்ளதைக் காட்டும் கருவியில் நான் வேறெதைத் தேடுவேன் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்?

“இல்லை ஐயா, வாருங்கள், பாருங்கள்” என்று சொல்வதற்குள் என் முகம் சுட்டது. குழாய் கார்த்திகைக் கூட்டத்தை நோக்கியிருந்தது. அறுமீன் என்று நாம் அழைக்கும் அக்கூட்டத்தைக் கலிலேயோ 1610இல் தம் கருவியில் பார்த்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட புதிய விண்மீன்கள் தெரிந்தன; அவற்றுள் 36ஐ வரைந்து வெளியிட்டார். பெரியவர் தோள் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“ஆறுதான்னு நெனச்சிருந்தேன். எண்ணி மாளல சாமி” என்றார். சிறுவயதில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது அது எங்கே நிற்கிறது என்று பார்த்தே நேரம் கணிப்பார்களாம். பிறகு, “மேகம் இல்லாததுனாலதானே இம்புட்டும் தெரியுது?” என்றார்.

“ஆமாம் ஐயா” என்றேன். வேறு சொல் வரவில்லை.

அவர் குரலில் குறையேதும் இல்லை, இருந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். கருகிக்கொண்டிருந்த நிலத்திற்கு உரியவர் அவர். அந்தத் தெளிந்த வானத்தை வெறுக்க எனக்குத் தெரிந்து அவரைவிட உரிமையுள்ளவர் எவரும் இல்லை. இறங்கும்போது, பூசைக்கு நாள் குறித்துக்கொண்டு போனார்.

கண்மாய்க் கரையில் திருப்பலி நடந்தது. மழை வரவில்லை. 2017 ஜனவரியில் தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. பெரியவர் வீட்டிலிருந்து இரு பிள்ளைகள் வேலை தேடித் திருப்பூருக்குப் போனார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. பல வாரங்கள் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்தபோது வில்லையின் ஓரத்தில் வெண்நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரியவர் அவ்வழியே சேற்றுக் காலோடு வந்தார். “என்ன சாமி, இந்த வருசம் கண்ணாடிக்கு வேலையில்லையா?” என்று கேட்டார். “இல்லை ஐயா” என்றேன். அந்தப் பூஞ்சையின் தடம் வில்லையில் இன்னும் முழுவதும் போகவில்லை.