வெயிலும் பொறுமையும்



பொறுமையின் சிறப்பை அறியாத முஸ்லிம் இல்லை. நோயில் பொறுமை, வறுமையில் பொறுமை, இழப்பில் பொறுமை என்று ஜும்ஆ மேடைகளில் கேட்டுக் கேட்டு நம் குழந்தைகளுக்கும் அது பாடமாகிவிட்டது. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்வதில்லை. பொறுத்துக்கொள் என்று பிறருக்குச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? துன்பத்தை நீக்கும் வசதி தன் கையில் இருந்தும் நீக்காதவன், துன்பப்படுபவனைப் பார்த்துப் பொறுமையைப் போதித்தால் அது உபதேசமா, அநியாயமா?

கத்திரி வெயில் நாட்களில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பகலில் சென்று வந்தவர்களுக்கு இக்கேள்வி தானாகவே எழும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. இன்று அந்த வட்டாரம் முழுவதும் கார், கைப்பேசி, கண்ணாடி, டயர் செய்யும் தொழிற்பேட்டைகள். காருக்கு வண்ணம் பூசும் கூடங்களிலும், நுண்ணிய மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் கூடங்களிலும் வெப்பமும் ஈரமும் அளவோடு வைக்கப்படுகின்றன. அளவு மீறினால் பொருள் கெட்டுவிடும் என்பதே காரணம். அதில் தவறில்லை. ஆனால் லாரியிலிருந்து சரக்கு இறக்குபவர், தகரக் கூரையின் கீழ் வெல்டிங் செய்பவர், கேன்டீன் அடுப்பின் முன் நிற்பவர், எழும்பிவரும் கட்டடத்தில் கம்பி கட்டும் வடமாநிலத் தொழிலாளி ஆகியோரின் உடலுக்கும் ஓர் அளவு உண்டல்லவா? பெயிண்டுக்கு எல்லை வகுத்த மனிதன் தன் சகோதரனுக்கு வகுத்தானா?

அந்த எல்லையைச் சற்றே விளங்கிக்கொள்வோம். உடலின் உட்சூடு ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். உழைக்கும்போது உடலே மேலும் சூட்டை உண்டாக்குகிறது. வியர்வை உலரும்போதுதான் அச்சூடு தணிகிறது. நம் பகுதியின் புழுக்கத்தில் வியர்வை வழிகிறதேயன்றி எளிதில் உலர்வதில்லை. உட்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் அறிவு தடுமாறும், பேச்சுக் குழறும், உயிரே போய்விடலாம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தின் 800 கர்ப்பிணிப் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளிவந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய அபாயங்கள் சுமார் இரு மடங்காக இருந்தன என்று அது கூறுகிறது.

இவற்றையெல்லாம் பொறுமை என்ற பெயரால் மூடிவிடலாமா? இதற்குக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. ஒருநாள் அவர்கள் குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு விசாரித்தார்கள். அவர் அபூ இஸ்ராயீல் (ரலி) என்றும், உட்காருவதில்லை, நிழலுக்குச் செல்வதில்லை, பேசுவதில்லை, நோன்பு நோற்பது என நேர்ச்சை செய்திருக்கிறார் என்றும் கூறப்பட்டது. அவர் பேசட்டும், நிழலுக்குச் செல்லட்டும், உட்காரட்டும், நோன்பை மட்டும் நிறைவு செய்யட்டும் என்பது நாயகத்தின் கட்டளை. இது புகாரீ ஷரீஃபில் பதிவான செய்தி.

இதைச் சற்று ஆழ்ந்து சிந்தியுங்கள். அவர் எவருடைய கட்டாயத்தாலும் நிற்கவில்லை. அல்லாஹ்வுக்காகத் தாமே விரும்பி நின்றார். வெயிலைப் பொறுப்பதில் ஸவாபு உண்டு என்று கருதினார். நோன்பு வணக்கம் என்பதால் அது ஏற்கப்பட்டது. வெயிலோ வெறும் வேதனை என்பதால் அது தள்ளப்பட்டது. அல்லாஹ்வுக்காகக்கூட நிற்கத் தேவையில்லாத வெயிலில், கூலிக்காகவும் உற்பத்திக் கணக்குக்காகவும் இன்னொருவனை நிறுத்த நமக்கு ஏது அதிகாரம்?

“அவனேதான் வேலை கேட்டு வருகிறான், சம்மதித்துத்தான் நிற்கிறான்” என்று சிலர் சொல்வர். அந்தத் தோழரும் சம்மதித்துத்தான் நின்றார். அவருடைய சம்மதம் வெயிலை நியாயமாக்கவில்லை. அப்படியிருக்க, அன்றாடச் சோற்றுக்கு வழியின்றி வருபவனின் சம்மதம் மட்டும் எப்படி நியாயமாக்கும்?

“வேலை நேரத்தை மாற்ற முடியாதே” என்பது அடுத்த சமாதானம். தொழுகையைவிட நேரம் குறிக்கப்பட்ட கடமை வேறென்ன உண்டு? அந்த லுஹரையே கடும் வெப்ப காலத்தில் சூடு தணியும்வரை பிற்படுத்த நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அதன் சட்ட நுணுக்கங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஆனால் வெப்பத்தின் சிரமத்தை மார்க்கம் கணக்கில் எடுத்தது என்பதில் வேறுபாடில்லை. ஃபர்ளான தொழுகைக்கே இடங்கொடுத்த வெப்பத்துக்கு ஷிப்டு இடங்கொடுக்காதா? வளைகுடாவிலுள்ள நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கத் தடை உண்டு. கத்தாரில் 2021இலிருந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் 3.30 வரை தடை. அங்கு முடிந்தது இங்கு முடியாதா?

நம் நாட்டிலும் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. நல்ல செயலே. எனினும் அது உயிர் போனபின் வருவது. உயிரைக் காப்பது, வேலை வாங்குபவரின் பொறுப்பு.

ஆலை முதலாளிகளுக்கு மட்டுமன்று இந்தப் பொறுப்பு. நம் வீட்டு மாடிக்குக் காங்கிரீட் போட நண்பகலில் சித்தாள்களை நிறுத்துகிறோம். மே மாத நிக்காஹ்வில் தேக்சாவின் அனலில் பண்டாரி வெந்துகொண்டிருக்க, நாம் மின்விசிறியின் கீழ் பிரியாணி உண்கிறோம். பணியாளர் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறிய சுமையை அவர்கள்மேல் ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழி நம் எல்லோருக்கும் உரியது.

செய்ய வேண்டியவை கடினமல்ல. கனமான வேலையை அதிகாலையில் வைத்துக்கொள்க. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் கொடுக்க. நிழலில் ஓய்வு கொடுக்க. அந்த ஓய்வுக்குக் கூலியைப் பிடிக்காதிருக்க. வெப்பத்தில் வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு முதல்நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வேலை தந்து, நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுக. உடல் வெப்பத்துக்குப் பழகுமுன் வரும் முதல் சில நாட்களே மிக ஆபத்தானவை. எவருக்கேனும் பேச்சுக் குழறினால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுக, 108ஐ அழைக்க. நினைவற்றவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கூலியைக் கணக்காகக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதி அடையும் முன், அந்த வியர்வை எந்த வெயிலில் சிந்தியது என்பதையும் கேட்டுக்கொள்வோம். பொறுமை நம் துன்பத்தில் நாம் கொள்ள வேண்டிய குணம். பிறர் துன்பத்தில் நமக்குக் கடமையானது இரக்கமும் நீதியுமே.

நிழலே இல்லாத மஹ்ஷர் வெளியில் அர்ஷின் நிழலை எதிர்பார்க்கும் நாம், இன்று நம் பொறுப்பிலுள்ளோருக்கு நிழல் தருவோமாக! வல்ல நாயன் அதற்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.