வளர்ப்பு மனையும் அரசின் அளவுகோலும்

இல்லறத்தார் ஒருவர் ஆதரவற்ற குழந்தையைத் தம் மனையில் வளர்க்க முன்வருங்கால், அவர்தம் வருவாயையும் உடல்நிலையையும் குடும்ப ஒழுக்கத்தையும் அரசு ஆராய்வது முறைதானா என்னும் வினா நம்மவரிடையே எழுகின்றது. ஈகைக்கும் உரிமமா என மனம் வருந்துவோர் உளர்.

நம் காப்பியத் தலைமகனே வளர்ப்புப் பிள்ளைதான். சுடுகாட்டில் பிறந்த சீவகனைக் கந்துக்கடன் என்னும் வணிகன் எடுத்துச் சென்று சுநந்தையின் கையில் சேர்த்தான். அவன் மனையை எவரும் ஆராயவில்லை. ஆனால் கந்துக்கடனை நல்லவனாகப் படைத்தவர் திருத்தக்கதேவர். இன்றைய குழந்தைக்கு அவ்வுறுதியை அளிக்கும் புலவர் யார்? தனக்கு நேரும் தீங்கை எடுத்துரைக்க வாயில்லாத உயிரின் பொருட்டுப் பிறர் கேள்வி கேட்பது கொல்லாமை அறத்தின் பாற்பட்டதே என்பது நம் துணிபு.

எனினும் அளவுகோல் எதுவாயினும் சரியென்று கூறமாட்டோம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 2021இல் திருத்தப்பெற்று, 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்திற்கு மாற்றாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். கனகசெட்டிக்குளத்துத் தம்பதியர்க்கும் ஊரெல்லை தாண்டித் தமிழகத்திற் குடியிருப்போர்க்கும் விதி ஒன்றே. 2024இல் வெளியான வளர்ப்புப் பராமரிப்பு மாதிரி நெறிமுறைகள், முப்பத்தைந்து முதல் அறுபது வயதுக்குட்பட்ட தனித்து வாழ்வோர்க்கும் வாய்ப்பளித்தன. வளர்ப்புப் பெற்றோர் அக்குழந்தையையே தத்தெடுக்கக் காத்திருக்கும் காலமும் ஐந்தாண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. கைம்பெண்ணின் வீடு நிறைவற்ற வீடு என்னும் பழைய எண்ணம் இதனால் தளர்கிறது, நன்றே.

இதில் நமக்குப் புதுமையுமில்லை. சமண அகர்வால் குலத்துக் கைம்பெண் கணவன் அனுமதியின்றியே தத்தெடுக்கலாம் என்பதை 1878இலேயே இலண்டன் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. பிண்டமிடும் கடன் நம் நெறியில் இல்லை. அவ்வாறாயின் பிள்ளை யார்பொருட்டு வேண்டப்படுகிறது? சொத்துக்காகவா, அப்பிள்ளைக்காகவா?

நம்மைச் சுடும் இடம் இதுவே. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் சமணரையும் பெயர் சுட்டி உள்ளடக்குகிறது. (புதுவையில் பிரெஞ்சு ஆட்சியில் தனிநிலைச் சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு அது பொருந்தாது.) பெற்றோர் கொடுக்க, ஏற்போர் ஏற்கத் தத்து நிறைவேறிவிடும், வீட்டாய்வு இல்லை. சிறார் நீதிச் சட்ட வழியிலோ ஐந்து வயது நிரம்பிய குழந்தையின் இசைவும் கேட்கப்படுகிறது. உறவினர் பிள்ளையை எழுத்துப் பத்திரத்தால் பெறும் நம் வீடுகளில் அப்பிள்ளையைக் கேட்போர் யார்?

வளர்ப்புப் பராமரிப்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. குழந்தைகள் நலக்குழு ஆணையிட்டால் குழந்தை தன் பெற்றோரிடம் திரும்பலாம். விசயை உயிரோடிருந்தாள், அச்சணந்தி ஆசிரியர் சீவகனுக்கு அவன் பிறப்பை உரைத்தார். சுநந்தை அதனால் தாயல்லள் ஆகிவிடவில்லை. இன்றைய ஒழுங்குமுறைகளும் தத்துப்பிள்ளை தன் வேரைத் தேட வழிவிடுகின்றன. பொருள் வரைதலை நிலத்திற்கும் பொன்னுக்கும் மட்டும் கொண்ட நாம், 'என் பிள்ளை' என்னும் சொல்லுக்கும் அதனை நீட்டுவது எளிதன்று, பெற்றவர்க்கே அரிது.

ஆயினும் ஒன்று செய்யக்கூடும். பத்திரத்திற் கையெழுத்திடுமுன், இரு குடும்பத்தையும் சாராத பெரியவர் ஒருவர் ஏற்போர் மனைக்குச் சென்று, சமூகப் பணியாளர் கேட்கும் அதே கேள்விகளைக் கேட்கட்டும். பிள்ளை பேசும் வயதினதாயின், இரு வீட்டாரும் அருகிலில்லாத வேளையில் அதனிடமும் கேட்கட்டும்.