வலித்தது என்று வாய் திறந்து சொல்லுங்கள்!

ஐம்பதைத் தொட்டவரே, நிமிர்ந்து உட்காருங்கள்! “உங்களுக்கு வயசாயிடுச்சு, ஒதுங்கிக்குங்க” என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னால், அது அவருடைய அபிப்பிராயம். தீர்ப்பு சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பைப் போராடி வாங்கிய ஒரு மனிதரின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். கழிப்பறை இருக்கைகள் தயாரிக்கும் தொழிற்சாலை. அங்கே நாற்பது ஆண்டு உழைத்த மேற்பார்வையாளர் ரீவ்ஸ். இங்கிலாந்திலிருந்து 1620-இல் குடியேறிகளை ஏற்றி வந்த மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய அளவுக்குக் கிழவர் என்று அவரைக் கேலி செய்தார் உயரதிகாரி. ஓர் இயந்திரத்தைக் கிளப்ப முடியாமல் ரீவ்ஸ் திணறியபோது, இந்த வேலைக்கு லாயக்கில்லாத கிழம் என்று வசவும் விழுந்தது. 1995-இல், 57 வயதில், வேலையும் போனது. வருகைப் பதிவேட்டைச் சரியாக வைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

அவர் கூனிக் குறுகிப் போகவில்லை. நீதிமன்றம் போனார். காலை 7 மணி ஷிஃப்ட்டுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். நேரப்பதிவு இயந்திரமோ அடிக்கடி அட்டையைப் படிக்காமல் விட்டுவிடும். அப்போதெல்லாம் அவரே நடந்து போய், ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் இருக்கிறாரா என்று கண்ணால் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். இதை ஜூரியின் முன்னால் நிதானமாக எடுத்துச் சொன்னார். ஜூரி அவரை நம்பியது. 35,000 டாலர் கொடுக்கச் சொன்னது. தெரிந்தே செய்த பாகுபாடு என்று ஜூரி கண்டதால் அது 70,000 ஆக இரட்டித்தது. இரண்டு ஆண்டு வருமான இழப்புக்காக நீதிபதி மேலும் 28,000 டாலருக்கு மேல் சேர்த்தார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டது. அப்போதும் அவர் விடவில்லை. 2000-ஆம் ஆண்டு, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அவர் பக்கம் நின்றார்கள். நிறுவனம் சொன்ன காரணம் பொய் என்று ஜூரி கண்டால், அதன் பின்னே இருப்பது வயதுப் பாகுபாடுதான் என்று முடிவு செய்யவும் ஜூரிக்கு உரிமை உண்டு. சாட்சியங்களை எடைபோடும் அந்த வேலையை மேல்நீதிமன்றம் தன் கையில் எடுக்கக்கூடாது என்று எழுதினார் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர்.

இவ்வளவு வென்றும், அந்த அவமானத்துக்காக அவருக்கு ஒரு சென்ட்டும் இல்லை. 40 வயதைக் கடந்தவர்களைக் காக்க 1967-இல் வந்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், இழந்த சம்பளத்தைத் தரும். வேண்டுமென்றே செய்த குற்றமானால் அதை இரட்டிப்பாக்கும். மனவேதனைக்கு இழப்பீடு தராது. இனத்தாலும் பாலினத்தாலும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு 1991-இல் அந்த வாசல் திறந்தது. வயதால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இன்றுவரை திறக்கவில்லை. இது அநியாயம். தேய்ந்த செருப்பைப்போல ஒரு மனிதரைக் கழற்றி வீசினால் நெஞ்சு வலிக்காதா?

அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். நியூஜெர்சி, கலிபோர்னியா போன்ற மாநிலங்களின் சட்டங்கள் வயதுப் பாகுபாட்டிலும் மனவேதனைக்கு இழப்பீடு கேட்க இடம் தருகின்றன. நம்மவர்கள் ஆயிரமாயிரமாக வேலை பார்க்கும் மாநிலங்கள் இவை. நியூஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். இனத்தை வைத்து வேலையிடத்தில் இழிவுபடுத்தப்பட்ட இரு சகோதரர்களின் வழக்கு அது. வயதையும் காக்கும் அதே மாநிலச் சட்டத்தின் கீழ்தான் நடந்தது. மனநல மருத்துவர் யாரும் சாட்சி சொல்லவில்லை. சகோதரர்கள் தாங்கள் பட்டதைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். ஜூரி மனவேதனைக்கென்று ஒருவருக்கு 8 லட்சம் டாலரும் இன்னொருவருக்கு 6 லட்சம் டாலரும் கொடுத்தது. நிறுவனம் குறைக்கச் சொல்லி மன்றாடியது. நீதிமன்றம் மறுத்தது. வேறு வழக்குகளில் கிடைத்த தொகையோடு ஒப்பிட்டு ஒருவரின் வலியைக் குறைக்கக்கூடாது, நீதியின் மனசாட்சியே அதிரும் அளவுக்குத் தொகை இருந்தால்தான் நீதிபதி கைவைக்கலாம் என்றது.

எல்லா வழக்கும் இப்படி முடியாது. “மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை” என்று இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டவர்களின் தொகையை நீதிபதிகள் வெட்டியிருக்கிறார்கள். எனவே விவரமாகச் சொல்லுங்கள். எந்த மாதத்திலிருந்து தூக்கம் கெட்டது? எந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டீர்கள், அங்கே “இப்ப எங்க வேலை?” என்று கேட்பார்களே என்று பயந்து? சாப்பிடாமல் எழுந்த தட்டை உங்கள் மனைவி பார்த்திருப்பார். அதை அவர் சொல்லட்டும். உள்ளத்தின் காயம் நடத்தையில் தெரியும், பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பார்க்க முடியும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இலேயே ஏற்றுக்கொண்டது.

ஆம்பளை அழக்கூடாது, குடும்பத் தலைவி குறை சொல்லக்கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்பை நீதிமன்ற வாசலில் கழற்றி வையுங்கள். நான் காயப்பட்டேன் என்று நாலு பேர் நடுவில் சொல்வதற்குத்தான் உண்மையான நெஞ்சுரம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. முப்பது வருடம் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவருக்கு அது இல்லாமலா போகும்?

காலக்கெடு ஒன்று இருக்கிறது. கூட்டாட்சிச் சட்டப்படி சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்கப் பொதுவாக 180 நாள்தான் அவகாசம். வயதுப் பாகுபாட்டுக்குத் தனிச் சட்டமும் அமைப்பும் உள்ள மாநிலங்களில் 300 நாள். உங்களை இழிவாகப் பேசிய நாள், பேசிய ஆள், பேசிய சொல், பக்கத்தில் இருந்தவர் யார் என்று இன்று இரவே ஒரு தாளில் எழுதுங்கள். நாளை காலை ஒரு வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.