பூட்டிய வீடும் பொறுப்பும்

“கூடும்” என்னும் தீர்ப்பு நாவிலிருந்து எளிதாக வந்துவிடுகிறது. அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவராயின் இன்னும் எளிதாக வருகிறது. இதை நாம் அண்மையில்தான் உணர்ந்தோம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், ஆம்பூரில் தோல் வணிகம் செய்து ஓய்ந்தபின், திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரி மலையில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். கோடையில் மகள் வீட்டுக்குச் செல்லுமுன் தொலைபேசியில் கேட்டார்: “ஹஜ்ரத், நாங்கள் இல்லாத நாட்களில் மலையைக் காண வருவோருக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடலாமா?” கூடும் என்றோம். அது பிழையான விடையன்று. வீட்டை வாடகைக்கு விடுவது இஜாரா. அந்த வருவாய் ஹலால்.

கோடை கழிந்தபின், 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அவரைக் காணச் சென்றோம். அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி; அம்மலையின் பழங்குடியினரான மலையாளி இனத்தவர். “ஐயா, பத்து இரவு கண்மூடவில்லை. ஒரே பாட்டுச் சத்தம். பேரனுக்குக் காய்ச்சல். போய்ச் சொன்னேன். காசு கொடுத்துத்தானே இருக்கிறோம் என்றார்கள். வீட்டுக்காரரிடம் முறையிடலாமென்றால் ஆள் இல்லை” என்றார். அருகில் நின்ற மாணவர் தலைகுனிந்தார். நாமும் தலைகுனிந்தோம்.

வீட்டை வெளியூராருக்கு விடும் கேள்வி புதியதன்று. ஹஜ்ஜுப் பருவத்தில் மக்காவின் வீடுகளை ஹாஜிகளுக்கு வாடகைக்கு விடுவதை இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் வெறுத்தார்கள்; இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். ஹாஜிகள் முற்றங்களில் தங்க வேண்டுமென்பதற்காக, மக்காவின் வீடுகளுக்குக் கதவிடுவதை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தடுத்தார்கள் என்றும், முதன்முதலில் கதவிட்ட சுஹைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம் ஆளனுப்பி விசாரித்தார்கள் என்றும் தப்ஸீர்களில் வருகிறது. தாம் வணிகர் என்றும், தம் வாகனப் பிராணிகளைக் காக்கவே கதவிட்டதாகவும் சுஹைல் சொன்னார்கள். கலீபா ஏற்றுக்கொண்டார்கள். இங்கே நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கேள்வி எழுந்தபோது விடைசொல்ல வீட்டுக்காரர் அங்கே இருந்தார்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா, குடியிருக்க எடுத்த வீட்டில் கொல்லரையோ, துணி வெளுப்பவரையோ, மாவரைப்பவரையோ அமர்த்தலாகாது என்கிறது. கட்டடம் நலிவுறும் என்பது காரணம். பிற்கால ஹனபி அறிஞர்கள் இன்னும் ஒருபடி சென்றனர். அண்டை வீட்டாருக்குப் பெருந்தீங்கு நேருமாயின், உரிமையாளர் தம் சொந்த இடத்தைப் பயன்படுத்துவதையே தடுக்கலாம் என்றனர். உதுமானியரின் மஜல்லாச் சட்டமும் இதனை ஏற்றது. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனமோ, உறவான அண்டை வீட்டாரோடு உறவல்லாத அண்டை வீட்டாரையும் சேர்த்தே நன்மை செய்யுமாறு பணிக்கிறது. அம்மூதாட்டி அவ்விரண்டாம் வகையினர் அல்லரோ?

உலகும் இதே முடிச்சை அவிழ்க்க முயல்கிறது. 2023 செப்டம்பர் முதல் நியூயார்க் நகரம், முப்பது நாட்களுக்குக் குறைவாக வீட்டை விடுவோர் தாமும் அவ்வீட்டிலேயே தங்கியிருக்க வேண்டும் என்னும் விதியைக் கண்டிப்புடன் நடத்துகிறது. எல்லா ஊருக்கும் அவ்விதி பொருந்தும் என்று நாம் கூறவில்லை. வெளியூர் சென்றவரின் வீடு வீணே பூட்டிக் கிடக்க வேண்டுமென்பதும் இல்லை. ஆனால் வாடகைக்கு விடக்கூடியது வீடு மட்டுமே. அண்டை வீட்டாருக்கு நாம் பட்டிருக்கும் கடமை, சாவியோடு கைமாறுவதில்லை.

மாணவர் அம்மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்டார். இனி வீட்டை விடுவதாயின் முன்கூட்டி அவரிடம் சொல்வதென்றும், சொன்னால் ஓடிவரக்கூடிய ஒருவரை அருகில் அமர்த்துவதென்றும், இரவில் ஒலிபெருக்கி ஆகாதென முதலிலேயே பேசிக்கொள்வதென்றும் முடிவு செய்தார். வாடகை சிறிது குறையலாம், குறையட்டும்.

இனி எவரேனும் நம்மிடம் இதைக் கேட்டால் அப்போதும் கூடும் என்றே சொல்வோம். ஆயினும் அதற்கு முன், “உங்கள் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டுக்கொள்வோம்.