கும்பிடாதவனுக்குச் சிலை எதற்கு?

சென்னை எழும்பூரில், பாந்தியன் சாலையில் அமைந்துள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு அந்நாளைய சென்னை மக்கள் ஒரு பெயர் சூட்டியிருந்தனர்: செத்த காலேஜ்! உயிருள்ள விலங்குகளைக் காட்டிய இடம் உயிர்க் காலேஜ். பாடம் செய்த விலங்குகளையும், எலும்புக் கூடுகளையும், கற்சிலைகளையும், செப்புப் படிமங்களையும் அடுக்கி வைத்த இடம் செத்த காலேஜ். கேலிப் பெயர்தான், எனினும் அந்தக் கேலிக்குள்ளே ஒரு மதிப்பும் இருக்கிறது. ஏட்டைத் தொட்டறியாத எளிய மக்கள், கல்லூரி வாயிலை மிதித்தறியாத உழைப்பாளி மக்கள், அது கற்கும் இடம் என்பதைக் கண்டுகொண்டனர். காலேஜ் என்றே அழைத்தனர்.

1851-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரியிலே, கடவுளைக் கும்பிடாத நமக்குப் பாடம் உண்டா?

இல்லை என்கின்றனர் நம் நண்பர்கள் சிலர். "அங்கே நிற்பவை கடவுள் உருவங்கள். மன்னன் கொடுத்த பொன்னிலே, மடமை வளர்த்த நம்பிக்கையிலே உருவானவை. அவை இருந்த கோயிலின் வாயிலிலேதான் நம் பாட்டன் தடுத்து நிறுத்தப்பட்டான். அவனைத் தடுத்த கோயிலின் சிலையை, அழகு அழகு என்று அவன் பேரன் போற்றுவதா? அதைவிட அடிமைப் புத்தி வேறு உண்டா?" என்று கேட்கின்றனர். எள்ளி ஒதுக்கத்தக்க கேள்வி அல்ல இது. வலியிலே பிறந்த கேள்வி.

மறுபக்கத்திலே பக்தர் ஒருவர் நின்று சிரிக்கிறார். "பார்த்தீரா! கும்பிட மாட்டேன் என்று மேடையிலே முழங்கியவர், நடராசர் முன்னே நகராமல் நிற்கிறார். உள்ளுக்குள்ளே பக்தி இருக்கிறது, ஒப்புக்கொள்ள வெட்கம்!" என்கிறார்.

இருவரும் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றும். ஆனால் ஒன்றிலே இருவரும் ஒன்றுபடுகின்றனர். சிலைக்கும் மனிதனுக்கும் இடையே கும்பிடுவது என்ற ஓர் உறவுதான் உண்டு என்பதே அது. ஒருவர், 'பார்க்கிறாய், ஆகவே கும்பிடு' என்கிறார். மற்றவர், 'கும்பிட மாட்டாய், ஆகவே பாராதே' என்கிறார். அந்த ஒற்றுமையைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

எழும்பூரிலே, செப்புப் படிமங்களுக்கென உள்ள கூடத்திலே, திருவாலங்காட்டிலிருந்து வந்த நடராசர் இருக்கிறது. சோழர் காலத்து வேலைப்பாடு. சுற்றி நிற்கவேண்டிய நெருப்பு வளையமாகிய திருவாசி அதற்கு இல்லை. இல்லாதது ஒரு வகையிலே நமக்கு நல்லதாயிற்று. உடலின் கட்டமைப்பைத் தடையின்றிக் காண முடிகிறது. ஒரு கால் ஊன்ற, மறு கால் தூக்க, நான்கு கைகள் நான்கு நிலையிலே விரிய, முழுப் பளுவும் ஒரே காலிலே இறங்குகிறது. சாயவில்லை, சரியவில்லை! தாங்கி நிற்பது மந்திரமா? இல்லை தோழர்களே, கணக்கு! எந்தக் கை எவ்வளவு நீள வேண்டும், எந்தத் தோள் எவ்வளவு தாழ வேண்டும் என்று ஒரு மனிதன் அளந்து கண்ட கணக்கு.

அது உருவான முறையை எண்ணிப் பாருங்கள். முதலிலே தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து, நகமும் மயிரும் உட்பட உருவம் முழுவதையும் மெழுகிலே சமைக்கிறான் சிற்பி. அதன்மேல் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி, உலர்ந்தபின் மேலும் மேலும் மண் பூசிக் கூடாக்குகிறான். கூட்டைச் சுடுகிறான், மெழுகு உருகி வெளியே ஓடிவிடுகிறது. மெழுகு இருந்த வெற்றிடத்திலே உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறான். ஆறியபின் மண் கூட்டை உடைக்கிறான். மெழுகும் போயிற்று, அச்சும் உடைந்தது, ஒரு கூட்டிலிருந்து ஒரு படிமம்தான். உலோகம் ஓரிடத்திலே ஓடாமல் நின்றாலும், கூடு ஓரிடத்திலே வெடித்தாலும், பல நாள் உழைப்பு பாழ். வேண்டிக்கொண்டதால் உலோகம் உருகவில்லை. உலையை ஊதியதால் உருகிற்று.

'நம்பிக்கை இல்லாமல் அது பிறந்திருக்குமா?' என்று கேட்பார் பக்தர். நம்பிக்கை கருப்பொருளைத் தந்தது, நன்கொடையைத் திரட்டித் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் பக்திதான் சிலையைச் செய்தது என்றால், பக்தர் அனைவரும் சிற்பிகளாக அல்லவா இருந்திருக்க வேண்டும்! பக்தி பல்லாயிரம் பேருக்கு இருந்தது. விரலிலே வித்தை இருந்தவர் சிலர். அந்த வித்தை, தகப்பன் மகனுக்கும், ஆசான் மாணவனுக்கும், தவறு கண்டு திருத்தித் திருத்திக் கற்பித்த அறிவு.

பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோதன் தமிழ்நாட்டுக்கு வந்தவரல்லர், சிவனைத் தொழுதவருமல்லர். சென்னை அருங்காட்சியகத்திலுள்ள நடராசர் படிமங்களின் நிழற்படங்களை மட்டுமே கண்டார். கண்டவர் வியந்து, 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைவுக்குப் பின், 1921-இல் அது அச்சேறியது. திருநீறு பூசாத அந்த மனிதரை நிறுத்தி வைத்தது எது? ஒரு தொழிலாளியின் கைத்திறனை மற்றொரு தொழிலாளியின் கண் அடையாளம் கண்டுகொண்டது. கும்பிடுதல் அன்று அது, கண்டுணர்தல். அந்த உறவு நமக்கு ஏன் ஆகாது?

மேலும் ஒன்று. கோயிலிலே படிமத்துக்குப் பட்டு உடுத்துகின்றனர், மாலை சூட்டுகின்றனர், அணி பூட்டுகின்றனர். முகமும் கையும் தவிர மற்றவை மறைந்துவிடுகின்றன. அருங்காட்சியகத்திலோ ஆடையும் இல்லை, மாலையும் இல்லை. பின்புறம் சென்று பாருங்கள். முதுகின் வளைவையும், இடுப்பின் மடிப்பையும், பின்னலின் முடிச்சையும், முன்புறத்துக்குக் காட்டிய அதே கவனத்தோடு செதுக்கியிருக்கிறான். பட்டு மறைக்கப்போகும் முதுகு என்று தெரிந்தும் செதுக்கினான்! பார்ப்பவர் இல்லாத இடத்திலும் வேலையிலே பொய் செய்யாதவன் அவன். ஒழுக்கம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த நீதி நூலிலே இருக்கிறது?

பாட்டன் தடுக்கப்பட்டான் என்றார் நண்பர். உண்மை. 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒதுக்கப்பட்ட மக்கள் சிலர் அழைத்துச் செல்லப்பட்டது, நாடே பேசிய செய்தியாயிற்று. கோயிலுக்குள் மனிதன் நுழைவதற்கு 1947-இல் சென்னை மாகாணத்திலே ஒரு சட்டம் வேண்டியிருந்தது. படிமங்கள் வீதியுலா வந்த காலத்திலும், பல ஊர்களிலே அந்தப் பல்லக்கு சேரிப் பக்கம் திரும்பவில்லை. அப்படி எட்டாத் தொலைவிலே வைக்கப்பட்டிருந்த படிமத்துக்கு முழ தூரத்திலே, அந்தப் பாட்டனின் பேரன் இன்று நிற்கிறான். நுழைவுச்சீட்டு கேட்கிறார்கள், குலம் கேட்கவில்லை. வேண்டிய மட்டும் நிற்கலாம். 'நகரு நகரு' என்று விரட்ட ஒருவரும் இல்லை.

அத்தோடு, தடுத்தவன் ஒருவன். வார்த்தவன் வேறொருவன் அல்லவா? மண்ணை மிதித்துக் குழைத்தவன் யார்? உலை ஊதியவன் யார்? செம்பும் விறகும் சுமந்தவன் யார்? 'இது அவர்களுடையது' என்று நாம் முகம் திருப்பினால், உழைத்தவனின் சொத்துக்குத் தடுத்தவன் பெயரிலே பட்டா எழுதிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததன்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிசு நகரத்து மக்களும் இதே கேள்வியின் முன்னே நின்றனர். மன்னர் சிலைகளை 1792-இல் வீழ்த்தினர். செயிண்ட் டெனிசிலிருந்த அரச கல்லறைகளை 1793-இல் தோண்டினர். கொடுமைக்கு ஆளான மக்களின் சினம் அது. ஆனால் அதே 1793-இல், ஆகஸ்டு 10-ஆம் நாள், முடியாட்சி வீழ்ந்த முதலாண்டு நிறைவிலே, லூவர் அரண்மனையை மக்களுக்கான கலைக்கூடமாகத் திறந்தனர். மன்னன் கண்ணுக்கு மட்டும் என்றிருந்த ஓவியங்களின் முன்னே பொதுமக்கள் நின்றனர். அடுத்த ஆண்டு, கலைப் பொருள்களை அழிப்பதைக் கண்டித்து அறிக்கைகள் தந்தவர் கிரெகுவார் என்ற பாதிரியார். அவர் அரண்மனையின் ஆளா? இல்லை, முடியாட்சியை ஒழிக்கக் குரல் கொடுத்தவர், கறுப்பின மக்களின் விடுதலைக்காக வாதாடியவர். கொடுங்கோலன் உரிமையை ஒழிப்பது வேறு, அவன் பூட்டி வைத்திருந்த கலையை ஒழிப்பது வேறு என்று அவர் பிரித்தறிந்தார்.

சென்ற ஆண்டு என் மாணவர்களை எழும்பூருக்கு அழைத்துச் சென்றேன். ஒரு சிறுவன் நடராசர் முன்னே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினான். மற்றவர்கள் கொல்லென்று சிரித்தனர். நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தனர் போலும்; என் கொள்கையை அவர்கள் அறிவார்கள். "அவன் கையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், சிலையின் கையைப் பாருங்கள். அந்த விரல்கள் எப்படி மடங்கியிருக்கின்றன என்று சொல்லுங்கள்" என்றேன். சிரித்தவர்களும் பார்த்தனர், கும்பிட்டவனும் பார்த்தான். சிறிது நேரம் கழித்து ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, ஊர்ப் பெயர் இருக்கிறது, காலம் இருக்கிறது. செய்தவர் பெயர் எங்கே?"

பகுத்தறிவு என்பது இதுதான்! கேலி செய்த வாயிலே பிறக்கவில்லை. உற்றுப் பார்த்த கண்ணிலே பிறந்தது.

அவள் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், வரலாற்றின் அநீதியைச் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். இராசராசனும், அவன் தமக்கை குந்தவையும், அரசியரும் அளித்த படிமங்களின் உயரம் எத்தனை விரல், எத்தனை கை என்பதுவரை பொறித்திருக்கிறார்கள். பூட்டிய அணிகளுக்கு எடை சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தவர் பெயர் உண்டு. வார்த்தெடுத்த கை யாருடையது என்ற செய்தி அந்தப் படிமக் குறிப்புகளில் இல்லை. முத்துக்குக் கணக்கு எழுதியவர்கள், மனிதனுக்குக் கணக்கு எழுதவில்லை!

ஆகவே, அழகு இருக்கிறது என்பதற்காக அநீதிக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வியப்பும் வேண்டும், விசாரணையும் வேண்டும். செய்தவன் பெயரைக் கேட்பதோடு, அது இங்கே வந்த வழியையும் கேட்க வேண்டும்.

அதே அருங்காட்சியகத்திலே அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. கிருட்டிணை ஆற்றங்கரையிலே பௌத்தர்கள் எழுப்பிய தூபியின் பளிங்கனைய கற்கள். பௌத்தம் அங்கே மங்கியபின் தூபி கேட்பாரற்றுக் கிடந்தது, கட்டடத்துக்கென்று கற்களைப் பெயர்த்தனர், சுண்ணாம்புக்கென்று சுட்டனர். 1845-இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்தவற்றிலே பெரும்பகுதி சென்னைக்கு வந்து, 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேறி, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காப்பாற்றினார்களா, கவர்ந்து சென்றார்களா? இரண்டும் நடந்தன. இரண்டையும் சொல்வதே நேர்மை.

அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசரை, ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014-இல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. அது களவுப் பொருளே என்பதை அடையாளம் காட்ட உதவியது எது? பரிகாரமா? பிரசினமா? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அந்தப் படிமம் கோயிலிலே இருந்தபோது எடுத்து வைத்திருந்த நிழற்படம்! யாரோ ஒருவர் உற்றுப் பார்த்து, பதிவு செய்து, பத்திரப்படுத்தி வைத்தார். மீட்சிக்கு வழி செய்தது அந்தப் பார்வை.

கும்பிடாதவனுக்குச் சிலை எதற்கு என்று கேட்ட நண்பர்களுக்கு என் விடை இதுதான். கும்பிடுகிறவர் கண்ணை மூடிக்கொள்ளலாம். அவருக்கு அது போதும். கள்ளன் விலையை மட்டும் பார்க்கலாம்; அவனுக்கு அது போதும். கண்ணைத் திறந்து முழுவதும் பார்க்க வேண்டிய கடமை, கும்பிடாத நமக்குத்தான் இருக்கிறது. செய்தவனுக்கு வேறு சாட்சி இல்லை.

செல்லுங்கள், இளைஞர்களே! விடுமுறை நாளிலே தம்பி தங்கையரை அழைத்துச் செல்லுங்கள். முன்புறம் மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள், பின்புறமும் பாருங்கள். யார் செய்தது, யார் பணத்திலே செய்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, எந்த வழியாக இங்கே வந்தது என்று கேளுங்கள். விடை எழுதப்படாத இடத்திலே, எழுதச் சொல்லிக் கேளுங்கள். பெயர் கிடைக்காவிட்டால், 'பெயர் எழுதப்படாத ஒரு தொழிலாளி வார்த்தது' என்றாவது எழுதட்டும்! அந்த ஒரு வரி, ஆயிரம் ஆண்டுக் கடனிலே நாம் செலுத்தும் முதல் தவணை.