காற்றுக்கு நட்ட கல்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஓடைப்பட்டியில் பக்கத்தில் இருப்பவரிடமும் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று திராட்சைப் பந்தல் கம்பிகளில் நாளெல்லாம் ஊளையிடும். கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் அந்த அதிர்வு முதுகில் ஏறும்.

இப்படிப்பட்ட காற்றைத் தேடித்தான் ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரை விட்டு, வட கரோலினாவின் கடலோர மணற்காட்டுக்குப் போனார்கள். எதிர்க்காற்று பலமாக இருந்தால் விமானம் கொஞ்சம் ஓடினாலே எழும்பிவிடும். விழுந்தாலும் மணல் தாங்கும்.

*

அந்த மணற்காட்டில், கில் டெவில் ஹில்ஸில் அவர்களுக்கான நினைவிடத்தில் குன்றின்மேல் 60 அடி உயரக் கருங்கல் கோபுரம் நிற்கிறது. 1932இல் திறக்கப்பட்டது. அந்தக் குன்றே காற்றில் நகர்ந்துகொண்டிருந்த மணல்மேடு. புல் நட்டு அதை நிறுத்திய பிறகே கோபுரம் எழுப்ப முடிந்தது.

என் மனம் நிற்பது கோபுரத்தில் அல்ல, கீழே சமவெளியில் கிடக்கும் கல்லில். 1903 டிசம்பர் 17 அன்று விமானம் தரையை விட்ட இடம் அது. நேரில் பார்த்தவர்களில் சிலர் பிற்பாடு கூடி அடையாளம் காட்டினார்கள். அங்கிருந்து, அன்றைய நான்கு பறத்தலும் முடிந்த ஒவ்வொரு இடத்திலும் ஓர் அடையாளக் கல். தம்பி ஆர்வில் பறந்த முதல் தூரம் 120 அடி, 12 விநாடி. எங்கள் ஊரில் ஒரு ஏக்கர் பந்தலுக்குள் அடங்கிவிடும். கடைசியாக அண்ணன் வில்பர் 852 அடி போனார், 59 விநாடி.

முதல் பறத்தலைப் படமெடுத்த ஜான் டேனியல்ஸ் கடலோர மீட்புப் பணியாளர். அதற்கு முன் அவர் கேமராவைத் தொட்டதே இல்லை. நான்காவது பறத்தலுக்குப் பின் தரையில் நின்ற விமானத்தைக் காற்று புரட்டிப் போட்டது. பிடிக்கப் போன டேனியல்ஸும் அதோடு உருண்டார். அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

*

ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்கள் இரண்டாயிரம் வருடத்துக்கும் மூத்தவை. ஒன்றில், கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்தவனின் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கிறது. பெயர், ஊர், செய்த காரியம். அவ்வளவுதான் செதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவே போதுமாக இருக்கிறது. வட கரோலினாவின் அந்தக் கற்களும் எனக்கு நடுகல்லாகத்தான் படுகின்றன.

*

நம் பக்கமும் இப்படிப் பறந்தவர் ஒருவர் இருந்தார். சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாகோமோ டி ஆஞ்செலிஸ், கோர்சிகாத் தீவுக்காரர். 1909 ஜூலையில் பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அவரைப் பிடித்துக்கொண்டது. தாமே வரைந்து, கோச்சு வண்டி கட்டிய சிம்சன் பட்டறையில் விமானம் செய்யக் கொடுத்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அதில் பறந்து பார்த்தார். பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். அலகாபாத்தில் விமானி ஆன்றி பெக்கே தபால் மூட்டையோடு பறந்தது அதற்கு அடுத்த வருடம், 1911 பிப்ரவரி 18இல்.

இன்றைக்குப் பல்லாவரத்தின் மேலே ஜெட் விமானங்கள் தாழ்ந்து இறங்குகின்றன. கீழே டி ஆஞ்செலிஸுக்கு ஒரு கல் வேண்டும். கோபுரம் வேண்டாம். அவர் பெயர், ஊர், 1910 மார்ச், பறந்தார் என்ற செய்தி. அதற்கு அடியில் இன்னொரு வரியும் வேண்டும்: இந்த விமானத்தைச் செய்தவர்கள் சிம்சன் பட்டறைத் தொழிலாளிகள்.