உயிரோடு இருக்க வேண்டிய துணுக்கு

உடலிலிருந்து வெட்டியெடுத்த சதை என்றால் ஃபார்மலின் புட்டிதான் நினைவுக்கு வரும். அதில் போட்டுவிட்டால் அவசரமில்லை. வேறு ஊருக்கு அனுப்பலாம். அடுத்த வாரம்கூடப் பார்க்கலாம்.

மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்ற கோளாறைக் கண்டறிய அது உதவாது. சிலருக்கு, சில மயக்க வாயுக்களோ சக்சினைல்கோலின் ஊசியோ பட்டதும் தசைக்குள் கால்சியம் கட்டுமீறிப் பாயும், தசை விறைக்கும், உடல் கொதிக்கும். அந்தச் சுபாவம் ஒருவருக்கு இருக்கிறதா என்று அறிய, தசையைப் பார்த்தால் போதாது. அது சுருங்கிக் காட்ட வேண்டும். செத்த தசை எதையும் சொல்லாது.

*

1960, மெல்போர்ன். கால் முறிந்து வந்த 21 வயது மாணவருக்குக் காலைவிட மயக்க மருந்தைப் பற்றியே கவலை. அவருடைய உறவினர்களில் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். ஈதரைத் தவிர்த்து, அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோத்தேனைக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் ரத்த அழுத்தம் விழுந்தது, உடல் சுட்டது. மருந்தை நிறுத்தி, பனிக்கட்டி வைத்துக் காப்பாற்றினார்கள். டென்பரோ, லோவெல் என்ற மருத்துவர்கள் அதே ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். பத்துச் சாவுகளையும் ஒரு கயிற்றில் கோத்துக் கொடுத்தது அந்த மாணவரின் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

இந்தச் சுபாவத்தைச் சோதிக்க, தொடையில் சிறு தசைக் கீற்று எடுப்பார்கள். ஆபத்தான மருந்துகளைத் தொடாமல், பெரும்பாலும் நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்து. வெட்டிய தசை உடனே கிரெப்ஸ் உப்புக்கரைசலுக்குப் போகும். 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கரியமில வாயுவும் கலந்த காற்று அதில் குமிழியிட்டபடி இருக்கும். ஐரோப்பிய முறைப்படி ஐந்து மணி நேரத்துக்குள் சோதனை முடிந்தாக வேண்டும். 37 டிகிரித் தொட்டியில் இழைகளைக் கட்டி, மின்துடிப்பு கொடுத்து, ஒரு கட்டுக்கு ஹாலோத்தேனும் மற்றதற்குக் கஃபீனும் படிப்படியாக ஏற்றுவார்கள். ஆம், காப்பியில் இருக்கும் அதே கஃபீன். குறைந்த அளவிலேயே இழுவிசை 2 மில்லிநியூட்டன் கூடினால் ஆபத்து உண்டு.

துணுக்கு நெடுந்தூரம் பயணம் செய்யாது. ஆகவே ஆள்தான் ஆய்வகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். நோய் ஏதும் இல்லாத ஆள், தொடையில் ஒரு தழும்புக்காக.

*

இந்தக் கோளாறோடு தொடர்புள்ள ஆர்.ஒய்.ஆர்.1 மரபணுவில் ஏற்கெனவே தெரிந்த பிழை இருந்தால் ரத்தமே போதும், கத்தி வேண்டாம். பிழை கிடைக்கவில்லை என்பதால் மட்டும் ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்தப் பழைய சோதனை இன்னும் ஓய்வு பெறவில்லை.

டான்ட்ரோலீன் என்ற மாற்றுமருந்து வந்த பிறகு சாவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் அது அறுவை அரங்கில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் குடும்பத்தில் யாராவது மயக்க மருந்தின்போது காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.